ஆடாத மட்டம்

ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில், கீழச்சத்திரம் பேண்டேஜ் துணி ஆலையின் பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய், பாய்லரின் தண்ணீரைக் காட்டுவதை விட்டுவிட்டு, தன் எதிரே வந்து நிற்கிற ஆளுக்குள் எவ்வளவு இருக்கிறதோ அதைக் காட்டத் தொடங்கியது. முதலில் நின்றவன் விறகு தள்ளுகிற சுடலைமணி. மட்டம் முக்காலுக்கு ஏறியது. அவன் நகர்ந்ததும் டீ கேனோடு வந்த பேச்சியக்கா நின்றாள், கால்வாசிக்கு இறங்கியது. அவள் போனதும் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆடு மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்து நின்றது, மட்டம் சரியாகப் பாதிக்கு வந்து லேசாகத் ததும்பிக்கொண்டு நின்றது. அந்த ஆட்டுக்கு வாய்த்த அளவு நிதானமான மட்டம் அதன்பிறகு அந்த ஊரில் எந்த மனிதனுக்கும் வாய்க்கவில்லை.

பாய்லர் ஆபரேட்டர் முப்பிடாதிக்கு இதில் ஆச்சரியப்பட நேரமில்லை. எனக்குள் எவ்வளவு இருக்கிறது என்று ஊரெல்லாம் பின்னால் கேட்டது. அவள் அந்த நிமிஷமே கேட்ட கேள்வி வேறு.

"அப்ப பாய்லருக்குள்ள தண்ணி எவ்வளவு இருக்கு?"

சுடலைமணி தலையைச் சொறிந்தான். "அது தெரியலையே மதினி."

பாய்லர் என்பது ஒரு படுத்த இரும்புப் பீப்பாய். உள்ளே தீ ஓடுகிற குழாய்கள், அவற்றை மூடிக்கொண்டு தண்ணீர், அதற்கு மேலே ஆவி. எட்டிப் பார்க்க ஜன்னல் கிடையாது, தொட்டுப் பார்க்கக் கை கிடையாது. அதனால்தான் வெளியே ஒரு கண்ணாடிக் குழாயை நிறுத்தி, மேலே ஒரு வழியும் கீழே ஒரு வழியும் உள்ளுக்குத் திறந்து வைத்தார்கள். உள்ளே தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில் வெளியேயும் நிற்கும், அவ்வளவுதான் சாத்திரம். மட்டம் உச்சிக்குப் போனால் ஆவியோடு தண்ணீரும் கிளம்பிப் போய்க் குழாய்களை உடைக்கும். அடிக்குப் போனால் தீக்குழாய்கள் மேலே தண்ணீர் இல்லாமல் சிவந்து இளகும். ஆலையில் பாய்லர் அறைக்கும் சலவைப் பிரிவுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்டுக்கு நாற்பத்துமூன்று பெண்கள் துணி அலசினார்கள்.

முப்பிடாதிக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்த பயமில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேறொரு மாவட்டத்தில், வேறோர் ஆலையில் அவள் புருஷன் சங்கிலிக்காளை பாய்லர் பார்த்தான். ஒரு மத்தியானம் கண்ணாடியில் தண்ணீரே இல்லை என்று கண்டான், பதறினான், பதற்றத்தில் எல்லோரும் செய்கிறதைச் செய்தான், பம்பைப் போட்டான். காய்ந்த தோசைக்கல்லில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் எப்படிச் சீறும், அதை ஒரு வீடு பெரிசுக்கு நினைத்துக்கொள்ள வேண்டும். அவனைத் துணியில் கட்டித்தான் கொண்டுவந்தார்கள், அது வெள்ளைப் பேண்டேஜ் துணியாகவே இருந்தது. வாசலில் ஊரே நின்று, இவள் எப்போது அழுவாள் என்று இவள் முகத்தையே பார்த்தது, அந்தப் பார்வையிலேயே அவளுக்கு அழுகை நின்றுபோனது. அன்றையிலிருந்து அவளுக்கு அழாதவள் என்று பெயர்.

அழாதவள் படித்தாள். ஆறு வருடம் விறகு தள்ளினாள், பாய்லர் ஆபரேட்டர் தேர்வுக்குப் போனாள். கண்ணாடியில் தண்ணீர் இல்லை, என்ன செய்வாய் என்று தேர்வாளர் கேட்டதற்கு, அவளுக்கு முன்னால் போன மூன்று பேரும் பம்பைப் போடுவேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவள், "தண்ணி விடமாட்டேன் சார். தீயைக் கொல்லுவேன்" என்றாள். சான்றிதழ் கைக்கு வந்தது. சுற்றுவட்டாரத்தில் அந்தச் சான்றிதழ் வைத்திருந்த ஒரே பெண் அவள்தான்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பத்தே நிமிஷத்தில் வழி கண்டுபிடித்தாள். கண்ணாடிக்கு எதிரே யாரும் நிற்காவிட்டால் அது பாய்லரையே காட்டியது. ஆனால் எதிரே நிற்காமல் பார்ப்பது எப்படி? சுவரில் மாட்டியிருந்த வட்ட முகக்கண்ணாடியை எடுத்து ஒரு பிரம்பில் கட்டி, பக்கவாட்டில் நின்று நீட்டிப் பார்த்தாள். முகக்கண்ணாடிக்குள் பாய்லரின் சொந்த மட்டம் தெரிந்தது. இன்னொன்றும் அதில் சௌகரியம். தன் மட்டம் என்ன என்று அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. யாராவது நச்சரித்தால், "எனக்கு வேலை கிடக்கு" என்பாள்.

இதோடு ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, குழாயின் அடியில் இருக்கிற வடிகால் திருகைத் திறப்பாள். கண்ணாடித் தண்ணீர் முழுக்கச் சீறி வெளியேறும். திருகை மூடினால் புதுத் தண்ணீர் குபுக்கென்று மேலே பாய வேண்டும். பாய்ந்தால் வழிகள் திறந்திருக்கின்றன, கண்ணாடி உண்மை பேசுகிறது. மெதுவாக ஊறி வந்தால் உப்பு அடைக்கிறது என்று அர்த்தம். கீழச்சத்திரத்து ஆழ்துளைத் தண்ணீரில் உப்புக்குக் குறைவில்லை, குடத்தில் ஒரு வாரம் இருந்தாலே குடத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிவிடும்.

இரண்டாவது கண்ணாடி ஒன்று சட்டப்படி இருக்க வேண்டும், இருந்தது, போன தையில் விரிசல் விட்டுப் போனது. புதுசு வருகிறது வருகிறது என்று மேனேஜர் கனகசபை சொல்லிக்கொண்டே இருந்தார், அது எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறதோ, வந்து சேரவில்லை.

ஊருக்கு இந்தக் கண்ணாடி பழகுவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் சலவைப் பிரிவுப் பெண்கள் வேலை ஏறும்போது வரிசையில் நின்று பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவர்கள் வீட்டார், பிறகு தெரு, பிறகு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மட்டம் தெரிந்தது, எதன் மட்டம் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பொறுமை என்றாள் பேச்சியக்கா. துக்கம் என்றார் தபால்காரர். மிச்சமிருக்கிற ஆயுள் என்று யாரோ கிளப்பிவிட, முக்கால்வாசிக்காரர்கள் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள், உச்சி வரை நிறைந்த ஒரு தொண்ணூறு வயதுக்காரர் சைக்கிளில் விழுந்து இறந்ததும் அந்தக் கட்சி கலைந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வந்து இரண்டு பேரையும் தனித்தனியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஒரே மட்டமாக இருந்தால் நல்லதா, ஒன்று நிறைந்து ஒன்று குறைந்திருந்தால் நல்லதா என்பதில் மட்டும் கடைசிவரை முடிவுக்கு வரவில்லை.

சலவைப் பெண்கள் அதைத் தர்க்கம் பண்ணாமல் உபயோகித்தார்கள். கால்வாசிக்குக் கீழே போனவளுக்கு அன்றைக்கு ஈரத்துணி தூக்குகிற வேலை கிடையாது, மடிப்பு மேஜையில் உட்கார வைத்தார்கள். உச்சியைத் தொட்டவளிடம், "கோடவுனுக்குப் பின்னால போயி அழுதுட்டு வாத்தா" என்று சொல்லி அனுப்பினார்கள். அவளும் போய், கால்மணி நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு வருவாள், நின்று பார்த்தால் முக்காலுக்கு இறங்கியிருக்கும். இதற்காக யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. முப்பிடாதி அவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்பது வருடம் முன்னால் இப்படி ஒரு கோடவுன் தனக்கு இல்லாமல் போனதே என்று அவளுக்குத் தோன்றும், உடனே பிரம்பை நீட்டி மட்டம் பார்க்கப் போய்விடுவாள்.

தொல்லை மணியில்தான் ஆரம்பித்தது. தண்ணீர் ரொம்பக் கீழே போனால் தானாக அடிக்கிற அபாய மணி, அதன் மிதவையும் இதே குழாயோடு சேர்ந்தது, ஆகையால் வறண்ட ஆள் யார் வந்து நின்றாலும் அடித்தது. பஞ்சாயத்துத் தலைவர் மாலையோடு வந்து நின்ற அன்று அது நிறுத்தாமல் அடித்தது. அவர் ஒரு பக்கம் நகர்ந்து நின்று பார்த்தார், அப்போதும் அடித்தது. மறுநாள் கனகசபை ஆளை விட்டு மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டார்.

"சார், அது தலைவருக்கு வச்ச மணி இல்ல" என்றாள் முப்பிடாதி.

"நீதான் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்குறேல்ல. மணி எதுக்கு?"

ஆயுத பூஜை வந்தது. கண்ணாடிக்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், சரம் சரமாகக் கதம்பம் போட்டார்கள். வேண்டுதல்காரர்கள் மஞ்சள் கயிறு கொண்டுவந்து எங்கே கட்டலாம் என்று பார்த்தார்கள். கை பிடிக்கிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது வடிகால் திருகின் பிடிதான், அதில் கட்டினார்கள். பத்துக் கயிறு, நூறு கயிறு, கடைசியில் பிடியே தெரியவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் முப்பிடாதி வடிகாலைத் திறந்த நேரத்தில் பின்னால் நின்ற தறிக்காரர் ஒருவருக்குத் தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சு வரவில்லை. அவருடையதை அவள் திறந்து விட்டுவிட்டாள் என்று ஊரில் பேச்சு. இனிமேல் அதைத் திறக்கக் கூடாது என்று ஐம்பது பேர் சேர்ந்து வந்து மேனேஜரிடம் சொன்னார்கள்.

"ஷிப்டுக்கு ஒரு தடவ திறக்கணும் சார். இல்லன்னா கண்ணாடி சொல்றத நம்ப முடியாது."

"இந்தாம்மா முப்பிடாதி, சனத்த நம்புறதா உன் திருக நம்புறதா? ரெண்டு ஆம்பள ஆபரேட்டர் வெளிய நிக்காங்க, வேலை கேட்டு."

அவள் ஒத்துக்கொண்டாள். வேலை போய்விடும் என்பது பாதிக் காரணம். அந்தக் கயிறுகளில் சலவைப் பெண்களின் கயிறுகளும் இருந்தன, அது மீதிக் காரணம். தெரிந்தே செய்த தப்பு, அதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. பதினாறு நாள் அந்தத் திருகு திறக்கப்படவில்லை, பதினாறு நாளும் மூன்று ஷிப்டும் ஊசி நுழைகிற அந்த வழிகளில் உப்பு வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது. கண்ணாடி கொஞ்சம் மந்தமாக இருப்பது அவளுக்குத் தெரியத்தான் செய்தது. ஆனால் அது தப்பாகக் காட்டும்போதெல்லாம் எதிரே ஓர் ஆள் நின்றார், தப்பு அந்த ஆளின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

பதினேழாம் நாள் வியாழக்கிழமை, ஐப்பசி மழை. எட்டு மணி ஷிப்டுக்கு வந்தவளைக் கனகசபை வாசலிலேயே நிறுத்தினார். முதலாளி வீட்டு விருந்தாளிகள் வேனில் வந்திருந்தார்கள், கண்ணாடியின் மகிமையை அவள் வாயால் சொல்ல வேண்டுமாம். அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே இரண்டு தரம் உள்ளே எட்டிப் பார்த்தாள். முகக்கண்ணாடிப் பிரம்பை நீட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகச் சுடலைமணி கையை ஆட்டினான்.

"பாதி இருக்கு மதினி! ராத்திரி ஷிப்டுக்காரர் விட்ட பாதி, அப்படியே நிக்கி!"

பாதிக்குக் கீழே போனால் பம்பைப் போட வேண்டும் என்பது அவனுக்கு அவள் கற்றுக்கொடுத்தது. பாதிக்குக் கீழே போகவில்லை, அவன் போடவில்லை. எட்டு முப்பது ஆனது. எட்டு நாற்பதுக்கு உள்ளேயிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

பேச்சியக்கா வெளியே ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "முப்பிடாதி, எனக்குப் பாதிடி! மூணு மாசமா கால்வாசியிலயே கெடந்தேன், இன்னைக்குப் பாதி. எல்லாருக்கும் பாதி. தலைவருக்கும் பாதி, இசக்கி பெத்த பச்சப்புள்ளைக்கும் பாதி. ஆத்தா எல்லாரையும் ஒண்ணாக்கிட்டா!"

முப்பிடாதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். ஒருவர் நின்றார், பாதி. நகர்ந்தார், அடுத்தவர் நின்றார், பாதி. ஒவ்வொரு பாதிக்கும் குலவை. தலைவர் நான்காவது தடவையாக வந்து நின்று பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"நீயும் நில்லுக்கா, ஒரு நாளும் நின்னதில்லல்ல" என்று பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். முகக்கண்ணாடிப் பிரம்பு எங்கேயோ காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. மூன்று மாதமாக விலகி விலகிப் போனவள் அன்றைக்கு நேருக்கு நேராக நின்றாள்.

பாதி.

அவள் தன் மட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது பாதி இல்லை என்பது அவளுக்குத் தன் பெயரைப் போலத் தெரியும். பொய், என்றது மனசு. அப்புறம்தான் கண்ணும் கண்டது. தண்ணீர் ததும்பவில்லை. கொதிக்கிற பாய்லரின் மட்டம் ஒரு நொடிகூடச் சும்மா நிற்காது, மூச்சு விடுகிற வயிறு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நின்றது. வழிகள் அடைத்துவிட்டன. இது எப்போதோ நின்றுபோன தண்ணீர். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று நாற்பது நிமிஷமாக உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"சுடலை, அரிவாளக் குடு."

விறகு பிளக்கிற அரிவாளை வாங்கி, மஞ்சள் கயிறுகளின் நடுவில் விட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். குலவை பாதியில் நின்றது. கனகசபை, "ஏய், ஏய்" என்று ஓடிவந்தார். பேச்சியக்கா, "முப்பிடாதி, என் கயிறு அதுல இருக்குடி" என்றாள். அது அவள் காதில் விழுந்தது, வலித்தது, அவள் திருகைத் திறந்தாள்.

கண்ணாடிக்குள் நின்ற அந்தப் பாதித் தண்ணீர் வடிந்தது. அதன் பின்னால் ஒன்றும் வரவில்லை. மூன்று நொடி, நான்கு நொடி. டப்பென்று ஓர் உப்புக்கட்டி தெறித்துச் சுவரில் பட்டது. கீழ் வழி திறந்துகொண்டது. தண்ணீர் வர வேண்டிய அந்த வழியில் விசிலடித்துக்கொண்டு காய்ந்த ஆவி வந்தது. அவள் திருகை மூடினாள். கண்ணாடி வெறும் கண்ணாடியாக நின்றது.

"தண்ணியே இல்ல" என்றான் சுடலைமணி.

அந்த நிமிஷம் கூட்டம் முழுவதும் ஒரே ஆளாக ஆகிப் பதறியது. தண்ணிய விடு, பம்பப் போடு, சீக்கிரம் தண்ணி என்று நாலா பக்கமும் சத்தம், கனகசபை பம்பு ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்தார், அவர் கெட்டவரில்லை, பயந்தவர், சங்கிலிக்காளையும் கெட்டவனில்லை. முப்பிடாதி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். அரிவாள் இன்னும் கையில் இருந்தது.

"கைய எடுங்க சார்."

"பைத்தியமா ஒனக்கு? உள்ள காயுது!"

"காயுது, அதான் விடக் கூடாது. என் வீட்டுக்காரர் இதத்தான் செஞ்சார்." அவள் சத்தம் போடவில்லை. "ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நீங்க, நான், சுவத்துக்கு அந்தாண்ட நாப்பத்துமூணு பேரு, யாரும் இல்ல. கைய எடுங்க."

அவர் கையை எடுத்தார். அவள் பலகையிலிருந்து பம்பின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். இனி யாருக்கு எவ்வளவு பயம் வந்தாலும் பம்பு ஓடாது.

"பேச்சியக்கா, எல்லாப் பொம்பளைகளையும் பின் கேட்டு வழியா ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போ. துணிய அப்படியே போடச் சொல்லு. எண்ணிப் பாரு, நாப்பத்துமூணு."

பேச்சியக்கா சலவைப் பிரிவுக்கு ஓடினாள். பெண்கள் ஈரக் கையோடு ஓடினார்கள், விருந்தாளிகள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள், தலைவர் தன் பாதியையும் எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். முப்பிடாதி தீக்குக் காற்று ஊதுகிற காற்றாடியை நிறுத்தினாள், புகைபோக்கியின் தட்டியை அடைத்தாள், ஆவிக் குழாயின் பெரிய வால்வைச் சுற்றுச் சுற்றாக, அவசரப்படாமல் மூடினாள். சுடலைமணியும் அவளும் வெளியே மழையில் ஊறிக்கிடந்த சாம்பல் குவியலிலிருந்து கூடை கூடையாக அள்ளிவந்து அடுப்புக்குள் வீசினார்கள். இருபது கூடை வீசிய பிறகு தீ புகைந்து, இருமி, கறுத்தது.

"நீ போ தம்பி."

"நீங்க?"

"ஆபரேட்டர் நகரக் கூடாது. நீ போயி கேட்ட அடைச்சு நில்லு, யாரையும் உள்ள விடாத."

அவன் போனான். அறையில் அவளும் பாய்லரும் மட்டும். அழுத்தம் காட்டுகிற முள் ஏழில் நின்றது. தீ செத்த பிறகும் இரும்பில் சூடு சாகாது, முள் மெல்ல ஏழரைக்கு ஏறியது. சிவப்புக் கோடு எட்டில். இரும்பு எங்கோ உள்ளே டிக், டிக் என்றது. அந்தச் சத்தத்தைச் சங்கிலிக்காளை கேட்டிருப்பானா, கேட்க அவனுக்கு நேரம் இருந்திருக்குமா என்று அவள் நினைத்தாள். முள் எட்டுக்கு ஒரு மயிரிழை கீழே போய் நின்றது. மழை தகரத்தில் விழுந்தது. அவள் குலசாமியைக் கூப்பிடவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் கழித்து அது ஏழரைக்கு வந்தது. அப்புறம் ஏழு. அப்புறம் ஆறு என்று, படி இறங்குகிற கிழவரைப் போல நின்று நின்று இறங்கியது.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்ஸ்பெக்டர் வந்தார், வளைந்துபோன பதினொரு குழாய்களைத் தொட்டுப் பார்த்தார், பிறகு முப்பிடாதியைப் பார்த்து வணக்கம் வைத்தார். ஒரு மாதம் ஆலை நின்றது. நடந்து வந்துகொண்டிருந்த இரண்டாவது கண்ணாடி ஒரே நாளில் வந்து சேர்ந்தது, மணிக்கு ஒயர் திரும்ப மாட்டினார்கள், யாருக்கு அடித்தாலும் அடிக்கட்டும் என்று. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் வருகிறார்கள், ஆனால் ஷிப்டு தொடக்கத்தில் அவள் வடிகாலைத் திறந்து, தண்ணீர் முழுக்க வடிந்து, குபுக்கென்று திரும்ப வந்து ததும்புகிற வரைக்கும் ஒருவரும் எதிரே போய் நிற்பதில்லை. எனக்கென்ன, நான் எப்பவும் ஒரே மாதிரிதான் என்று கீழச்சத்திரத்தில் யாராவது சொன்னால், "அப்படியா, கொஞ்சம் திறந்து காட்டு பாப்போம்" என்று பேச்சியக்கா கேட்பது வழக்கமாகிவிட்டது.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு முள் ஒன்றைத் தொட்டது. முப்பிடாதி எழுந்து, கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க அதன் எதிரே போய்க் குனிந்தாள்.

குழாயின் அடியில் தண்ணீர் தெரிந்தது.

பம்பு ஓடுகிறதா? கை தானாக இடுப்புக்குப் போனது. ஃப்யூஸ் கட்டை அங்கேதான் இருந்தது. பாய்லருக்குள் கண்ணாடிக்கு எட்டுகிற தண்ணீர் இல்லை, உள்ளே விடவும் யாருமில்லை. தண்ணீர் ஏறியது. கால்வாசி, பாதி. பாதியில் நிற்கவில்லை. முக்கால், உச்சி, உச்சியில் இருந்த மரை வரைக்கும் போய், அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்று நடுங்கியது. அப்போதுதான் இது யாருடையது என்று அவளுக்குப் புரிந்தது.

உச்சியைத் தொட்டவர்களிடம் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்வதற்கு அங்கே ஆளில்லை. முகத்தைப் பார்க்கவும் ஆளில்லை. அவள் சாம்பல் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ளப் போனாள், பிறகு எதற்கு என்று அதை விட்டுவிட்டாள்.

ரோட்டில் மழையில் நின்ற நாற்பத்துமூன்று பெண்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் அது ஒரு முனகலாக வந்தது, பிறகு நீண்டது, பிறகு தகரக் கூரையைத் தாண்டி எழுந்தது. பாய்லர் வெடிக்கப்போகிறது என்று கனகசபை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். இசக்கி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பேச்சியக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தாள்.

சுடலைமணி இரண்டு கையையும் நீட்டி அவளை மறித்தான். அவன் முகத்திலும் மழை ஓடிக்கொண்டிருந்தது.

"அது பாய்லர் இல்லக்கா, மதினிதான்" என்றான். "விடுங்க. எறங்கட்டும்."